ஆம்பூர்ல வண்டியை நிறுத்துறீங்களா? பிரியாணிக்கு அப்புறம் ஒரு மணி நேரம் சேர்த்து ஒதுக்குங்க!

சென்னையிலிருந்து பெங்களூருக்கு கார்ல கிளம்பினா, வண்டி ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுறதுக்குள்ளேயே ஒரு கேள்வி வந்துடும்: "சாப்பாடு எங்க?" பாதிப் பேருக்குப் பதில் ரெடி, ஆம்பூர். சென்னையிலிருந்து சுமார் 185 கி.மீ, பெங்களூரிலிருந்து சுமார் 160 கி.மீ. பசியும் ஊரும் சரியாச் சந்திக்கிற இடம். ஆனா பெரும்பாலானவங்க செய்யறது என்ன? நிறுத்தி, பிரியாணி சாப்பிட்டு, கை கழுவி, 40 நிமிஷத்துல கிளம்பிடறாங்க.

ஜப்பான்ல இப்படி வழியில நிறுத்துறதுக்குன்னே ஓர் ஏற்பாடு உண்டு. பேரு 'மிச்சி நோ எகி', அதாவது சாலையோர நிலையம். 1993-ல் 103 இடங்களோட அதிகாரபூர்வமா ஆரம்பிச்சது, இன்னைக்கு 1,200-ஐத் தாண்டிடுச்சு. 24 மணி நேரமும் இலவச பார்க்கிங், சுத்தமான டாய்லெட். பக்கத்திலேயே அந்த ஊர் விவசாயி தன் பேரை ஒட்டிக் கொண்டுவந்து வைக்கிற காய்கறி. கடலோர நிலையமா இருந்தா, அன்னைக்குக் காலைல பிடிச்ச மீன். ஜப்பான்ல இதுக்காகவே ரோடு ட்ரிப் போறவங்க இருக்காங்க.

நம்ம ஊர்ல அப்படி ஒரு கட்டடம் கிடையாது. ஆனா ஆற்காட்டுல இருந்து வாணியம்பாடி வரைக்கும் உள்ள தோல் பெல்ட்டையே ஒரு நீளமான 'சாலையோர நிலையம்'னு வச்சுக்கிட்டா, ஜப்பான்காரங்களே பொறாமைப்படுவாங்க. சாப்பாடு, ஸ்வீட், ஷூ எல்லாமே அந்தந்த ஊர்ச் சரக்கு.

முதல் ஸ்டாப்: ஆற்காடு

சென்னைப் பக்கமிருந்து வந்தா முதல்ல ஆற்காடு. நவாப் ஊர். இங்க தேட வேண்டியது மக்கன் பேடா. உருதுல 'மக்கன்'னா வெண்ணெய். பார்க்க குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும், ஆனா அதுன்னு நினைச்சு வாயில போட்டுடாதீங்க. கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைஞ்சு, உள்ளே முந்திரி, பாதாம் மாதிரி பருப்புகளை வச்சுப் பொரிச்சு, பாகுல ஊற விடுவாங்க. கடிச்சதும் நடுவுல பருப்பு நொறுங்கும். பைபாஸ்லயே போயிட்டா நல்ல கடைங்க மிஸ் ஆகும், ஊருக்குள்ள எட்டிப் பார்க்கணும். பாகோட பார்சல் வாங்கினா டப்பாவை டிக்கியில நிமிர்த்தி வைங்க. கவிழ்ந்தா டிரிப் முழுக்க எறும்பும் கூடவே வரும்.

அடுத்து வேலூர். கோட்டையைப் பார்க்கணும்னா அது தனி அரை நாள் வேலை. வழியில ஒரு கால் மணி நேரம்தான் இருக்குன்னா, நேதாஜி மார்க்கெட்ல முள்ளு கத்திரிக்காய் கேட்டுப் பாருங்க. காம்புல, இலையில எல்லாம் முள் இருக்கும், கையைப் பார்த்துக்கோங்க. அணைக்கட்டு தாலுகா இலவம்பாடி பக்கம் விளையறது ரொம்ப பேமஸ். வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. எண்ணெய்க் கத்திரிக்காய் செய்ய இதைவிட நல்ல காய் கஷ்டம்.

பிரியாணி: ஏன் இந்த ஊருக்கு மட்டும் தனி ருசி?

ஆம்பூர் பிரியாணிக்கு அரிசி சீரகச் சம்பா. காரத்துக்கு, காய்ந்த மிளகாயை ஊற வச்சு அரைச்ச விழுது. அந்தச் சிவப்பு நிறம் அதுல இருந்துதான் வருது. கறி, தயிர், புதினா, மல்லியோட மசாலா தனியா வேகும். அரிசியைத் தனியா முக்கால் பதம் வேக வச்சு வடிச்சு, கறி மேல கொட்டி தம் போடுவாங்க. தண்ணியை அளந்து ஊத்தி, அரிசியை மசாலாவோடவே வேக விடற திண்டுக்கல் ஸ்டைல்ல இருந்து இதுதான் பெரிய வித்தியாசம். அதனாலதான் இங்க அரிசி உதிரியா இருக்கும், மசாலா நெஞ்சைக் கரிக்காது. கூட வர்ற புளிப்பான கத்திரிக்காயையும் வெங்காயத் தயிரையும் ஓரம் தள்ளிடாதீங்க. அது இல்லாம சாப்பிட்டா பாதிப் பிரியாணிதான்.

ஹைவே மேலேயே பெரிய கடைங்க இருக்கு. ஸ்டார் பிரியாணி 1890-ல இருந்துன்னு போர்டுலயே போட்டிருக்கும். டவுனுக்குள்ள இருக்கிற சின்னக் கடைகள்ல பீஃப் பிரியாணியும் உண்டு. விலை கம்மி, அந்த ஊர்த் தொழிலாளிகளோட அன்றாடச் சாப்பாடு. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் இங்க 3 நாள் பிரியாணித் திருவிழா அறிவிச்சது. பீஃபுக்கு இடமில்லைன்னு தெரிஞ்சதும் எதிர்ப்பு கிளம்பி, கடைசியில மழையைச் சொல்லித் திருவிழாவையே தள்ளி வச்சாங்க. ஆம்பூர்ல பிரியாணின்னா எல்லாப் பிரியாணியும்தான்.

ஒரு டிப்ஸ்: வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை நேரத்துல பல கடைகள் கொஞ்ச நேரம் அடைச்சிருக்கலாம். ரம்ஜான் மாசத்துல பகல்லயும் அப்படித்தான். டைம் பார்த்துக் கிளம்புங்க.

இப்போ ஷூ

இதுக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் கேட்டேன். உலகத்தோட பெரிய பிராண்டுகளுக்கு ஷூ தைச்சு அனுப்புற ஊர் இது. ஹைவே ஓரத்துல வரிசையா ஷோரூம்களும் ஃபேக்டரி அவுட்லெட்களும் இருக்கு. ஏற்றுமதியில மிஞ்சினது, சின்னக் குறையோட ஒதுக்கப்பட்டது, உள்ளூர் மார்க்கெட்டுக்குன்னே தைச்சது, மூணுமே கலந்து கிடைக்கும். கூடவே எங்கிருந்தோ வந்த ரெக்ஸினும் கிடைக்கும். பிரிக்கத் தெரியணும்.

ஷூவுக்குள்ளயோ அடியிலயோ சின்னப் படங்கள் போட்ட ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. ஐரோப்பாவுல விற்கிற காலணிக்கு இது கட்டாயம், அதனால ஏற்றுமதிச் சரக்குல பெரும்பாலும் இருக்கும். விரிச்ச தோல் மாதிரி படம் இருந்தா லெதர். அந்தத் தோல் படத்துக்குள்ள சின்ன டைமண்ட் இருந்தா, மேல பூச்சு போட்ட லெதர். வலை மாதிரி கட்டம்னா துணி. வெறும் டைமண்ட் மட்டும்னா செயற்கை. மேல்பகுதி, உள் லைனிங், அடி சோல், மூணுக்கும் தனித்தனியா போட்டிருக்கும். மேலே லெதர், உள்ளே செயற்கைன்னு வர்றதுதான் நிறைய. கடைக்காரர்கிட்ட, "பாய், லைனிங்கும் லெதரா?"ன்னு ஒரு கேள்வி கேட்டாலே உங்களைப் பார்க்கிற பார்வை மாறும்.

'ஜெனுயின் லெதர்'னு அச்சடிச்சிருக்கிறதை மட்டும் நம்பி வாங்காதீங்க. தோலோட அடி அடுக்கைப் பிரிச்சு, மேல பிளாஸ்டிக் பூச்சு போட்டதுக்கும் அதே பேர்தான். வெட்டின ஓரத்தைப் பாருங்க, நார் நாரா இருக்கணும். பெல்ட்டுல ஓரம் சாண்ட்விச் மாதிரி அடுக்கா தெரிஞ்சா, நடுவுல தோல்தூளை ஒட்டின அட்டைதான். ஆறு மாசத்துல உரியும். விரலால அழுத்தினா நல்ல தோல்ல மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும். லைட்டர் வச்சுக் காட்டுற வீடியோ எல்லாம் பார்த்திருப்பீங்க. அதைக் கடையில பண்ணிடாதீங்க!

சைஸ் பெரும்பாலும் ஐரோப்பிய நம்பர்ல இருக்கும். 42-ன்னா நம்ம 8-க்குக் கிட்டத்தட்ட சரி, ஆனா பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ரெண்டு காலையும் போட்டு நடந்து பாருங்க. மாத்தித் தருவாங்களான்னு பில் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, ஏன்னா நீங்க அடுத்து இங்க வர்றது எப்போன்னு உங்களுக்கே தெரியாது.

விலை ஏன் இவ்ளோ கம்மின்னு தோணும். ஃபேக்டரிகள்ல வேலை செய்றவங்கள்ல பெரும்பான்மை பெண்கள். ஷூவோட மேல்பகுதியை வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து கையால தைச்சு, ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கற அக்காக்களும் இருக்காங்க. பாலாறு கொடுத்த விலை வேற. தோல் கழிவால ஆறும் கிணறும் கெட்டதுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குலதான், மாசுபடுத்துறவரே ஈடு கட்டணும்ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்தோட பகுதின்னு 1996-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாச் சொன்னது. 2015 ஜனவரியில ராணிப்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்துல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு 10 தொழிலாளர்கள் இறந்தாங்க. 2025 ஜனவரியிலயும் உச்ச நீதிமன்றம் இதே மாவட்டத்துக்காக, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில குழு போடச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தது. பாலாறு பாலத்தைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் கண்ணாடியை இறக்கிப் பாருங்க.

இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஸ்டாப்?

262 கி.மீ நீளத்துல புது பெங்களூரு - சென்னை எக்ஸ்பிரஸ்வே வருது. கர்நாடகப் பகுதியில வண்டி ஓட ஆரம்பிச்சிடுச்சு. பலமநேர், சித்தூர், ராணிப்பேட்டைன்னு போற அந்த ரூட்ல வேலூர் இல்ல, ஆம்பூர் இல்ல, வாணியம்பாடியும் இல்ல. முழுசாத் திறந்தா அவசரக்காரங்க எல்லாரும் அந்தப் பக்கம்தான். பிரியாணிக் கடைக்காவது டவுன் கஸ்டமர் இருக்காங்க. ஹைவே ஷூ ஷோரூமுக்குப் போற வர்ற கார்தான் சோறு. அந்தக் கார்கள் இங்க திரும்பணும்னா, நிறுத்த ஒரு நல்ல காரணம் வேணும். முதல்ல ஒரு நல்ல டாய்லெட் வேணும். இப்போதைக்குச் சாப்பிடற ஹோட்டல்லயோ பெட்ரோல் பங்க்லயோதான் பார்த்துக்கணும், குறிப்பா குழந்தைங்களோட வர்றவங்க. ஹைவேல வண்டி மக்கர் பண்ணினா 1033-க்கு போன் பண்ணுங்க.

பெங்களூரிலிருந்து வர்றவங்களுக்கு வரிசை அப்படியே தலைகீழ்: ஆம்பூர்ல ஷூவை முதல்ல வாங்கிடுங்க, வயிறு நிறைஞ்சப்புறம் குனிஞ்சு லேஸ் கட்ட முடியாது. அப்புறம் பிரியாணி. மக்கன் பேடா கடைசியா ஆற்காட்டுல, சென்னை வீட்டுக்குச் சூடு ஆறாமப் போய்ச் சேரும்.