யாழ் நூலும் கணினி ஒலிப்பதிவும்

திருகோணமலைத் துறைமுகத்தருகே கடலை நோக்கி உயர்ந்து நிற்கும் சுவாமி மலையின்மேல் கோணேசர் கோயில் அமைந்துள்ளது. இத்தலத்தைத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணுக்குரியது. இன்று அதனை ஒருவர் பாட, கணினியிற் பதிந்து, பக்க இசையோடு கலந்து, நொடியில் உலகெங்கும் அனுப்பிவிடலாம். ஆயினும், நேயர்களே, அப்பண்ணின் சுரங்கள் பழுதின்றிப் போய்ச் சேருமா?

இவ்வினாவுக்கு விடை காண உதவுபவர், இவ்வூர் இந்துக் கல்லூரியை நடத்திய விபுலாநந்த அடிகள். காரைதீவில் 1892இல் பிறந்த அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. தமிழும் பௌதிகமும் ஒருங்கே கற்ற அப்புலமையின் கனியே யாழ் நூல். 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார்.

நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் குரலுக்கு இளி பிறக்கும். பாதியாக்கினால் மேற்றானத்துக் குரல் பிறக்கும். இத்தகைய கணக்கைக் கொண்டே சிலப்பதிகார உரைகளிற் காணும் அலகு முறையை அடிகள் ஆராய்ந்தார். ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகுகள். அவை ஏழிசைக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

மென்பொருளோ, வேறாக அமைத்தாலன்றி, ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமகூறாகவே பகுக்கும். மேனாட்டுப் பியானோவின் இவ்வழக்கம் 1983இல் வந்த மிடி முறையிலும் தொடர்ந்தது. ஒரு தானத்தை 1,200 நுண்கூறாகக் கொண்டால், தம்புராவில் தானே எழும் அந்தர காந்தாரம் 386இல் நிற்கும். கணினியின் காந்தாரம் 400இல் நிற்கும். பாடகர் தம்புராவைத் தழுவிப் பாட, பக்க இசை பதினான்கு கூறு விலகி ஒலிக்கும். 1997இல் தோன்றிய ஆட்டோ டியூன் போன்ற சுருதித் திருத்தக் கருவியை விரைவாக இயங்க விட்டால், கமகத்தின் அசைவையும் பிழையென்று கருதி நேராக்கிவிடும்.

ஆதலின், பதிவாளர் முதலில் தம்புராவைப் பதிக. அதனைக் கேட்டுக்கொண்டே பாடகர் பாடுக. கணினி வாத்தியங்களின் சுரநிலைகளைச் செவியால் ஒப்பிட்டுத் திருத்துக. சுருதித் திருத்தத்தை நிறுத்திவைத்தலே நன்று. கணினி தன் அளவைத் தானே மாற்றிக்கொள்ளாது. பண்ணின் அளவை அறிந்தவர்தாம் மாற்ற வேண்டும். அவ்வளவு நரம்பிலும் எண்ணிலும் அடங்குவது என்று காட்டியதே அடிகள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.