பல்லவ அரசின் பண்பாட்டு வளர்ச்சி

பல்லவ அரசு, காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு கி.பி. 4ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை தொண்டை மண்டலத்தை ஆண்ட அரசாகும். இன்றைய திருத்தணிப் பகுதியும் இதில் அடங்கியிருந்தது. ஆட்சி மொழி, கட்டடக்கலை ஆகிய இரண்டிலும் இக்காலத்தில் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன.

மொழியும் இலக்கியமும்

முற்காலப் பல்லவர் செப்பேடுகள் பிராகிருதத்திலும், பின்னர் வடமொழியிலும் எழுதப்பட்டன. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பள்ளன்கோயில் செப்பேடு வடமொழி, தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் அமைந்துள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தை இயற்றினான். அவன் காலத்தவரான திருநாவுக்கரசர் தமிழில் தேவாரம் பாடினார். 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மனைப் போற்றி நந்திக்கலம்பகம் தோன்றியது.

கட்டடக்கலை

மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி இக்கோயில் உருவாக்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டு குறிப்பிடுகிறது. அடுத்த கட்டமாக மாமல்லபுரத்தில் ஒற்றைக்கல் கோயில்கள் செதுக்கப்பட்டன. கற்களை அடுக்கிக் கட்டும் முறை இராசசிம்மன் காலத்தில் காஞ்சி கயிலாசநாதர் கோயிலில் சிறப்புற்றது. மாமல்லபுரச் சின்னங்கள் 1984இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

வெளிநாட்டுத் தொடர்புகள்

பல்லவ எழுத்திலிருந்து கெமர், மொன், சாவக எழுத்து முறைகள் வளர்ந்தன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்ற குளத்தைக் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயராகும். காஞ்சி அரசவையோடு தொடர்புடையவராகச் சீன நூல்கள் கூறும் பௌத்தத் துறவி வச்சிரபோதி, 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனா சென்றார். கொரியாவின் சில்லா அரசைச் சேர்ந்த ஏச்சோ என்னும் துறவி அங்கு அவரிடம் பயின்றார்.

திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில்

இக்கோயில் அபராசிதவர்மன் ஆட்சியில் நம்பி அப்பி என்பவரால் கல்லால் எழுப்பப்பட்டது. இதன் விமானம் யானையின் பின்புறம் போன்ற தூங்கானை மாட வடிவினது. இங்குள்ள தமிழ் வெண்பா ஒன்றை அரசனே இயற்றியதாகக் கல்வெட்டு தெரிவிக்கிறது. பிராகிருதச் செப்பேடுகளுடன் தொடங்கிய மரபு, அரசனே தமிழில் பாடும் நிலையை எட்டியிருந்தது.

முடிவும் தாக்கமும்

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்த சோழன் அபராசிதனை வென்று கொன்றான். தொண்டை மண்டலம் சோழர் வசமானது. பல்லவர் ஆட்சி முடிவுற்றபோதிலும், அவர்கள் வளர்த்த கற்றளி மரபைச் சோழர்கள் தொடர்ந்து விரிவுபடுத்தினர்.