வட்டியை மட்டும் தின்ற ஓநாய்

தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அதற்கப்புறம் விசாரணைக்கு ஆள் அனுப்பினால் எப்படியிருக்கும்? ஓநாய்க்கு அதுதான் நடந்தது!

அலாஸ்காவில் மவுன்ட் மெக்கின்லி தேசியப் பூங்கா (1980-ல் டெனாலி என்று பெயர் மாறியது). அங்கே ஆயிரக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்த டால் ஆடுகள் என்கிற வெள்ளை மலையாடுகள், 1930-களில் மளமளவென்று குறைந்துவிட்டன. ‘எல்லாம் ஓநாயின் வேலை. சுட்டுத் தள்ளுங்கள்!’ என்று ஒரே கூச்சல். 1939-ல், அடால்ஃப் முரி என்கிற உயிரியல் நிபுணரை அரசு அனுப்பி வைத்தது.

முரி என்ன செய்தார் தெரியுமா? மலை மலையாக ஏறி இறங்கி, செத்த ஆடுகளின் மண்டையோடுகளைப் பொறுக்கினார். மொத்தம் 829! டால் ஆட்டின் கொம்பில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். எண்ணினால், சாகும்போது என்ன வயசு என்று தெரிந்துவிடும்.

எண்ணினார். பெரும்பாலானவை இளங்குட்டிகள்; இல்லாவிட்டால் ஒன்பது வயசு தாண்டிய கிழடுகள். நடுவயசு ஆடுகள் ரொம்பக் குறைவு. அவற்றிலும் பலவற்றுக்குத் தாடை எலும்பில் நோய்.

ஓநாய்க்குக் கருணை என்று நினைத்துவிடாதீர்கள். திடமான ஆடு செங்குத்துப் பாறையில் தாவி ஏறிவிட்டால், ஓநாய் கீழே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்!

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இது இப்படித்தான் புரிகிறது. வருடா வருடம் குட்டி போடுகிற நடுவயசு ஆடுகள்தான் மந்தையின் மூலதனம். ஓநாய் தின்பது வட்டியை. குட்டி போனாலும் தாய் அடுத்த வருடம் ஈனும். கிழடு போனால், பனிக்காலத்தில் மற்றவற்றுக்குப் புல் மிச்சம். மூலதனம் பத்திரமாக இருப்பதால் ஆட்டினம் அடியோடு அழியவில்லை. ஓநாயும் பட்டினியில் ஒழியவில்லை.

அப்படியானால் ஆடுகள் ஏன் குறைந்தன? 1931-32 போன்ற கொடூரமான பனிக்காலங்கள். புல்லெல்லாம் பனிக்கு அடியில் புதைந்து, கொத்துக் கொத்தாகச் செத்தன.

1944-ல் முரியின் அறிக்கை புத்தகமாக வந்தது. ஆனாலும் துப்பாக்கிகள் உடனே ஓயவில்லை. பூங்காவுக்குள்ளேயே ஓநாய் வேட்டை இன்னும் சில வருடங்கள் நடந்தது.

கடைசியாக ஒன்று. 1917-ல் அந்தப் பூங்காவை எதற்கு ஆரம்பித்தார்கள்? இதே ஆடுகளைச் சுட்டு, இறைச்சியை விற்றுக்கொண்டிருந்த மனிதர்களிடமிருந்து காப்பாற்றத்தான்!

அவர்கள் கொம்பு வளையத்தை எண்ணிப் பார்த்தா சுட்டார்கள்?