மேலுமலை ஏற்றமும் இரண்டு மிதிவண்டிகளும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பேருந்தில் அமர்ந்து கண்ணயர்பவருக்கு அது ஒரே சாலை. மிதிவண்டியில் செல்பவருக்கோ அது இரண்டு நாடுகள். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. சூளகிரியைக் கடந்து மேலுமலைப் பக்கம் வந்ததும் நிலம் சரியத் தொடங்குகிறது. கிருஷ்ணகிரியை அடைகையில் முன்னூற்றைம்பது மீட்டருக்கும் மேல் இறங்கியிருப்போம். போகும்போது காற்று நம்மைச் சுமக்கும். திரும்பும்போது நாம் நம்மையே சுமக்க வேண்டும்.

'இரண்டு நாடுகள்' என்றது வெறும் உவமையன்று. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தபோது, கிருஷ்ணகிரி ஆங்கிலேயர் வசமாயிற்று. மலைக்கு மேலே, பாலகாட் எனப்பட்ட ஓசூர்ப் பகுதியோ 1799இல் திப்பு வீழும்வரை மைசூருடனேயே இருந்தது. அந்த ஏழாண்டுகள் கீழே அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி வகுத்துக்கொண்டிருந்தனர். மேலே வேறோர் அரசு. வரலாற்று நூல்களில் வாசித்து மறந்துபோன இந்த எல்லையை, ஒவ்வொரு ஞாயிறும் என் தொடைத்தசைகள் எனக்கு நினைவூட்டுகின்றன.

இந்தச் சாலைக்கு மிதிவண்டி எப்போது வந்தது என்று ஆண்டைக் குறித்துச் சொல்ல இயலாது. ஆனால் அது எப்படி எளியவரின் வண்டியாயிற்று என்பதற்குச் சில மைல்கற்கள் உண்டு. 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவிலான வண்டியைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இந்தியாவில் நெடுங்காலம் அது இறக்குமதிப் பொருள். வக்கீலும் ஆசிரியரும் ஏறிச்சென்ற கௌரவ வாகனம். 1949இல் சென்னையில் முருகப்பா குழுமத்தார் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினர், 1956இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் வந்தது. அதன் பின்னரே அது பால்காரருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் எட்டிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடையில் ஒலிக்கும் ஓசூரில், 'சைக்கிள்' என்ற சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதே இல்லை.

அக்காலத்தில் உள்ளாட்சி மன்றங்கள் மிதிவண்டிக்கு வரி வாங்கிக்கொண்டு ஒரு தகர வில்லையைத் தந்தன. வில்லை இல்லாத வண்டிக்கும், இரவில் விளக்கில்லாத வண்டிக்கும் அபராதம் உண்டு. 'டபுள்ஸ்' போவதும் குற்றம். பின்னால் மனைவியை அமர்த்திக்கொண்டு வந்தவர், காவலரைத் தொலைவில் கண்டதும் அவரை இறக்கி நடக்கவிட்டு, முனை தாண்டியதும் ஏற்றிக்கொண்ட கதைகள் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும்.

1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தபோது இவ்வூரின் முகம் மாறிற்று. 1980இல் அசோக் லேலண்ட் இங்கே தொழிற்சாலை திறந்தது. 1984இல் உருவான டைட்டன் சில ஆண்டுகளில் கைக்கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியது. அதே 1980இல் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. இதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. மிதிவண்டியில் எது குற்றமாயிருந்ததோ, அதுவே மொபெட்டின் பெருமையாயிற்று. மனைவி இறங்கி நடக்க வேண்டியதில்லை. மிதிவண்டியில் வேலைக்கு வந்த தொழிலாளி, மிதிவண்டியிலிருந்து மனிதரை இறக்கிவிடும் பொருளைத் தன் கையாலேயே செய்தார். அதில் வருந்த ஒன்றுமில்லை. மேலுமலை ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிய எவரும் அந்த இயந்திரத்தைப் பழிக்க மாட்டார்.

ஆயினும் மிதிவண்டி மறைந்துவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. மோட்டார் இருசக்கர வாகனம் 21 விழுக்காட்டினரிடம் மட்டுமே.

இதற்கிடையில் இன்னொரு மிதிவண்டி இச்சாலைக்கு வந்து சேர்ந்தது. எடை குறைந்த, வளைந்த கைப்பிடியுள்ள, என்னுடையதைப் போன்ற வண்டி. அதன் மரபு பிரான்சிலிருந்து வருவது. 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்டுக்குச் சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர் பந்தயத்தைச் சார்ல் தெரோன் என்பவர் மூன்று நாட்களுக்குள் முடித்தார். பின்னாளில் அது போட்டியாக இல்லாமல், 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடும்பயணமாயிற்று. அதன் சிறிய வடிவமான 200 கிலோமீட்டர் பயணத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். முதலில் வந்தவருக்குப் பரிசு ஏதுமில்லை. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தொலைவுதான். விடியலில் கெலவரப்பள்ளிப் பக்கம் போனால் தென்பெண்ணையைக் காணலாம். நந்தி மலைப்பகுதியில் பிறந்து, பெங்களூரின் கழிவுகளையும் வாங்கிக்கொண்டு வருகிறது அந்த ஆறு. சில நாட்களில் அணையின் மதகுகளில் வெண்ணுரை மலையாய்க் குவிந்து நிற்கும். எல்லையைக் கடக்கும் எதுவும் மறுபுறத்தின் சுமையோடுதான் வருகிறது.

சென்ற கோடையில் மேலுமலை ஏற்றத்தில் மூச்சு வாங்கி இறங்கிவிட்டேன். எனக்கு முன்னால், தீவனக் கட்டு ஏற்றிய பழைய கருப்பு வண்டியைத் தள்ளியபடி ஒரு பெரியவர் சென்றுகொண்டிருந்தார். என் தலைக்கவசத்தையும் வண்டியையும் பார்த்துவிட்டு, "ரேசாப்பா?" என்றார்.

"இல்லீங்கய்யா, சும்மாதான்."

"சும்மாவா!" என்று சிரித்தார். பிறகு, பின்னால் வந்த பார லாரியின் ஒலி கேட்டு, "இப்படி ஓரமா வாப்பா" என்று தம் பக்கம் என்னை இழுத்துக்கொண்டார்.

அந்த ஓரம் ஓர் அடி அகலம்கூட இராது. 2010இல் 7 என்ற எண்ணை விட்டு 44ஆன இந்நெடுஞ்சாலை அகன்றுகொண்டே வந்திருக்கிறது. தேவைக்காகச் செல்லும் அவருக்கும் 'சும்மா' செல்லும் எனக்கும் அது விட்டுவைத்த இடம் அவ்வளவுதான். எனக்கு ஏதேனும் நேர்ந்தால் குழுவினர் கூடுவார்கள், படம் வைத்து எழுதுவார்கள். அவருக்கு நேர்ந்தால் நாளிதழின் மூலையில் இரண்டு வரி வரும். கோட்டைகளையும் உடன்படிக்கைகளையும் எழுதிவைத்த இம்மண்ணின் வரலாற்றில், ஆலைச் சங்கு ஊதுமுன் இந்த ஏற்றத்தை மிதித்துக் கடந்தவர்களுக்கு ஒரு பக்கமாவது வேண்டாமா? வரும் ஞாயிறு அப்பெரியவரைக் கண்டால், அவருடைய முதல் வண்டியைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்றிருக்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.