இரண்டு புள்ளி பிறந்த கதை

1970-களின் நடுப்பகுதி. ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்த கணித ஆய்வு மையத்தில் லாம்பெர்ட் மீர்ட்டென்ஸ், லியோ கெர்ட்ஸ் என்ற இருவருக்கு ஒரு மனக்குறை. கம்ப்யூட்டர் கற்க வரும் புதியவர்களுக்கு அன்று பெரும்பாலும் பேசிக் மொழியைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பேசிக்கில் நாலு வரி எழுதுவது சுலபம். நாற்பது வரியைத் தாண்டினால் எங்கிருந்து எங்கே தாவுகிறது என்பது எழுதியவருக்கே பிடிபடாது. பெரிய மொழிகளோ பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கானவை. மீர்ட்டென்ஸுக்கு அது தெரியாதா என்ன? மிரட்டும் சிக்கலுக்குப் பேர்போன அல்கால் 68 மொழியின் திருத்திய இலக்கண அறிக்கையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அப்பேர்ப்பட்டவர் இப்போது கற்றுக்குட்டிகளுக்காக ஒரு மொழி செய்யக் கிளம்பினார். தற்காலிகமாக அதற்கு ‘பி’ என்று பெயரும் வைத்தாயிற்று. உருவம்தான் பிடிபடவில்லை.

1978-ல் அந்தத் தேடல் போலந்து வரை போனது. யப்வொன்னா என்ற ஊரின் மாளிகை ஒன்றில் மீர்ட்டென்ஸ், ராபர்ட் டுவார், ஜாக் ஷ்வார்ட்ஸ், பீட்டர் கிங் ஆகிய நாலு கணினி அறிஞர்கள் கூடினார்கள். வரிசை மாறிக் கிடக்கும் எண்களைப் பக்கத்துப் பக்கமாக ஒப்பிட்டு, பெரியது முன்னால் நின்றால் இடம் மாற்றி, எல்லாம் ஒழுங்காகும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு சின்ன புரோகிராம். அதை ஒவ்வொரு விதமான இலக்கணத்திலும் எழுதிவைத்து, எது கண்ணுக்குத் தெளிவு என்று வாதாடினார்கள். அந்தப் புரோகிராம்களில் பிழை வேறு இருந்தது என்பது தனி வேடிக்கை. நாலு மேதைகளும் ஒரு முடிவுக்கு வருவதாக இல்லை. கடைசியில், தீர்ப்புச் சொல்லட்டும் என்று டுவாரின் மனைவியை அவருடைய அறையிலிருந்து அழைத்தார்கள்.

முதல் புரோகிராமை அவருக்கு விளக்கினார்கள். ‘இன்ன எண் முதல் இன்ன எண் வரை, ஒவ்வொன்றுக்கும்’ என்பது போல ஒரு வரி. அதற்குக் கீழே, செய்ய வேண்டிய வேலைகள் வரிவரியாக. கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்று சொல்வது அந்த ஒரு வரிக்கு மட்டுமில்லையா, கீழே வரும் வரிகளுக்கும் சேர்த்தா என்று வியப்போடு கேட்டுவிட்டார். எந்த இலக்கணம் அழகு என்ற போட்டி அதோடு தடம் மாறியது. ஊறிப்போன கண்களுக்கு வெட்டவெளிச்சமாக இருந்த ஒன்று, புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியவே இல்லை! மளிகைப் பட்டியலில் ‘வாங்க வேண்டியவை’ என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தால், விஷயம் கீழே இருக்கிறது என்று யாருக்கும் புரியும். அந்த வரியின் கடைசியிலும் அதே இரண்டு புள்ளி இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. மொழிக்குள் முக்காற்புள்ளி நுழைந்தது இப்படித்தான். ஆனால் அந்த மொழிக்கு ஆயுள் கெட்டியாக இல்லை.

1980-களில் ‘பி’ வளர்ந்து ஏபிசி ஆனது. கைடோ வான் ரோசம் என்ற இளம் புரோகிராமர் அந்தக் குழுவில் வந்து சேர்ந்தார். ஏபிசியில் ஆரம்பம் இது, முடிவு இது என்று அடைப்புக்குறி போட வேண்டியதில்லை. உள்ளே தள்ளி எழுதிய வரிகளெல்லாம் ஒரு கூட்டம், அவ்வளவுதான். இத்தனை அழகிருந்தும் மொழி எடுபடவில்லை. ஏபிசி தனக்குள்ளேயே பூட்டிக்கொண்ட மொழி. கம்ப்யூட்டரில் கிடக்கும் மற்ற கோப்புகளோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வெளியாள் ஒருவர் புதிய வசதியைச் சேர்க்க நினைத்தாலும் வழியில்லை. வீடுவீடாகக் கொண்டுசேர்க்க இன்றைய இணையமும் அன்று இல்லை. ஒரு கட்டத்தில் ஆய்வு மையம் திட்டத்தை நிறுத்தியது. ஏபிசியோடு அந்த இரண்டு புள்ளிக்கும் சமாதி கட்டியாயிற்று என்றே தோன்றியது.

கைடோவை வேறு வேலைக்கு மாற்றினார்கள். பல கம்ப்யூட்டர்களை ஒன்றாக இயக்கும் அமீபா என்ற அமைப்புக்குச் சின்னச் சின்னக் கருவிகள் எழுதித் தர வேண்டும். சி மொழியில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் ஆகிறது. யூனிக்ஸ் ஷெல்லோ அமீபாவுக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஏபிசி போல ஒன்று கையில் இருந்தால் எவ்வளவு வசதி! 1989 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. அலுவலகம் பூட்டியிருக்கும், வீட்டில் ஒரு மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர் இருந்தது. பொழுதுபோக்காக ஒரு புதிய மொழியைக் கட்டத் தொடங்கினார். ஏபிசியில் பிடித்ததை எடுத்துக்கொண்டார், பிடிக்காததைக் கழித்துக்கட்டினார். கழிக்க வேண்டியவற்றில் அந்த இரண்டு புள்ளியும் சேர்ந்திருக்க வேண்டியதுதான்.

காரணம், கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை. கீழ்வரி உள்ளே தள்ளியிருந்தாலே போதும், எது எதற்குக் கீழே வருகிறது என்று இயந்திரம் கண்டுகொள்ளும். ‘வயது 18-க்கு மேல் என்றால்’ என்று ஒரு வரி, உள்ளே தள்ளி ‘ஓட்டு உண்டு’ என்று அடுத்த வரி. இடையில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். தடுமாறுவது மனிதக் கண் மட்டுமே. ஏபிசி கற்றுத்தந்த அந்தப் பாடத்தைக் கைடோ கைவிடவில்லை, புள்ளிகள் பிழைத்தன. ஏபிசி செய்த தவறையும் அவர் திரும்பச் செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் புதிய வசதி சேர்க்கலாம் என்று கதவைத் திறந்துவைத்தார். 1991 பிப்ரவரியில் மொழியை யூஸ்நெட் என்ற அன்றைய கணினி விவாத வலையில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். பெயருக்காக அவர் ரொம்ப யோசிக்கவில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்ட ஒரு நகைச்சுவைக் குழுவின் ரசிகர் அவர். குழுவின் பெயர் மான்ட்டி பைத்தான். மொழியின் பெயர் பைத்தான்.

1999-ல் கைடோ அமெரிக்காவில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரிவதுபோல புரோகிராம் எழுதுவதும் எல்லோருக்கும் வர வேண்டும் என்று ஒரு திட்டம் தீட்டி, ராணுவ ஆராய்ச்சி நிதி முகமையான தார்பாவிடம் கொடுத்தார். பணம் வந்தது, சீக்கிரமே நின்றும்போனது. மிஞ்சியவற்றில் ஒன்று, இன்றும் பைத்தானோடு கூடவே வரும் ஐடில் என்ற எளிய எழுது சாளரம். ‘எல்லோருக்கும்’ என்ற கனவு பாதியில் நின்றது.

நிதி முடிக்காததை ஆசிரியர்கள் முடித்தார்கள். எம்ஐடி பல்கலைக்கழகம் தன் புகழ்பெற்ற முதல் புரோகிராமிங் பாடத்தைக் கைவிட்டுப் பைத்தானுக்கு மாறியது. அமெரிக்காவின் முன்னணிக் கணினித் துறைகள் 39-ஐ 2014-ல் ஒருவர் ஆராய்ந்தபோது, 27 துறைகளின் அறிமுகப் பாடத்தில் பைத்தான் இருந்தது. ஆனால் ‘எல்லோரும்’ உண்மையில் வந்து உட்காரும் இடம் அதுவல்ல, கம்யூனிட்டி கல்லூரி. 1901-ல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரில் 6 மாணவர்களோடு தொடங்கிய மரபு அது. இரண்டு வருடப் படிப்பு, குறைந்த கட்டணம், பொதுவாக யார் வந்தாலும் இடம். பகலெல்லாம் கிடங்கில் மூட்டை தூக்கியவரும், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்த தாயும், ராணுவத்திலிருந்து திரும்பியவரும் மாலை வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் அமர்கிறார்கள். இந்தக் கல்லூரிகள் பலவற்றில் இன்று முதல் புரோகிராமிங் பாடம் பைத்தான்தான். முதல் வாரத்தில் அவர்களைப் படுத்தும் பிழைகளில் ஒன்று, ‘என்றால்’ எழுதிவிட்டு அந்த இரண்டு புள்ளியை மறப்பது. மறந்தால் பைத்தான் சொன்னதெல்லாம் ‘இலக்கணம் தவறு’ என்ற மொட்டைப் பதில்தான். என்ன தவறு என்று சுமார் 30 வருடம் அது வாயே திறக்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்ததும் கைடோவின் கையாலேதான். 2018-ல் தலைமைப் பொறுப்பை உதறிய அவர், அடுத்த ஆண்டு பைத்தானின் ஆதிப் பகுதி ஒன்றைப் பிரித்துப்போட்டார். எழுதியது இலக்கணப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் பகுதி அது. அதை உருவாக்கித் தரும் கருவிதான், 1989-ல் பைத்தானுக்காக அவர் எழுதிய முதல் துண்டு. பாப்லோ கலிந்தோ, லிசான்ட்ரோஸ் நிகோலாவ் இருவரும் கைகொடுக்க, 2020-ல் புதிய சோதிப்பான் வந்தது. அதன் தயவில், 2021 அக்டோபரில் வெளியான 3.10 பதிப்பில் பைத்தானுக்கு ஒருவழியாக வாய் திறந்தது. வரியின் கடைசியில் புள்ளிகள் விடுபட்டால், ‘இங்கே : எதிர்பார்த்தேன்’ என்கிறது. தனக்குத் தேவையே இல்லாத ஒன்றை, படிக்கிற மனிதருக்காக இயந்திரமே இப்போது குறிப்பிட்டுக் கேட்கிறது.