கருவைத் தாமே தொகுத்தோர்

கணினியின் நினைவகத்தைப் பங்கிட்டு, அதன் உறுப்புகளை ஆளும் அடிப்படை நிரலைக் 'கேர்னல்', அஃதாவது கரு, என்பர். அதனைப் பயனாளர் தம் தேவைக்கேற்பத் தாமே தொகுத்துக்கொள்ளும் வழக்கம் யுனிக்ஸ் முறைமையோடு வளர்ந்தது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸைத் தொடங்கினர். அடுத்து அவர்களுக்குக் கிடைத்த பீடிபி-11 இயந்திரத்தின் நினைவகம் 24 கிலோபைற்று மாத்திரமே. அதில் 16ஐ முறைமை கொள்ள, பயனாளருக்கு எஞ்சியது 8. இன்று ஒரு நிழற்படத்துக்கே அது போதாது! இல்லாத சாதனத்துக்கான நிரலைக் கருவில் சுமப்பது அக்காலத்தில் வீண்செலவு.

1973இல் கரு சீ மொழியில் திருப்பி எழுதப்பட்டது. மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்கும் சென்றது. அங்கே மாணவர் அதனைப் படித்தனர், திருத்தினர், தத்தம் இயந்திரத்துக்கேற்பத் தொகுத்தனர். ஆனால் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பிற் கற்பிப்பதைத் தடுத்தது. ஆசிரியனாகிய எனக்கு இது பெரும் அநீதியாகவே படுகிறது. அம்ஸ்ரடாமில் கற்பித்த அன்ட்ரூ ரனன்போம் முறையிட்டுக்கொண்டிருக்கவில்லை. மாணவருக்கென மினிக்ஸ் என்னும் சிறு முறைமையைத் தாமே எழுதி 1987இல் வெளியிட்டார்.

அதனைப் பயின்ற ஹெல்சிங்கி மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். வேண்டிய பகுதிகளை மட்டும் தெரிந்து அதனை எவரும் தொகுக்கலாம். அனுபவமுள்ளோர் பழைய கருவை அழிப்பதில்லை. புதியது இயங்க மறுத்தால், இயந்திரத்தை மீண்டும் எழுப்புவது அதுவே.