பர்மாவுக்கும் இந்தச் செடிக்கும் சம்பந்தமில்லை!

பூச்சி தின்னும் தாவரங்கள் என்றால் பாடப்புத்தகத்தில் படித்த நெப்பந்தசும் டிரோசீராவும் நமக்கு ஞாபகம் வரும். டிரோசீராவில் பல இனங்கள் உண்டு. அதில் ஒன்று டிரோசீரா பர்மானி. இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா வரை ஈரமான, சத்துக் குறைந்த மண்ணில் வளர்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தரையோடு படர்ந்திருக்கும். தமிழில் இதை அழுகண்ணி என்றும் சொல்வார்கள்.

பெயரைப் பார்த்துவிட்டு பர்மாவிலிருந்து வந்த செடி என்று நினைக்க வேண்டாம். அது ஒரு மனிதரின் பெயர். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த தாவரவியலாளர் யோகன்னஸ் பர்மன்!

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கையில் வணிகம் செய்த காலம் அது. பால் ஹெர்மன் என்ற மருத்துவர் 1672-ல் அங்கே வந்து செடிகளைச் சேகரித்தார். அவரும் மற்றவர்களும் சேகரித்தவற்றை வைத்து, பர்மன் ஆம்ஸ்டர்டாமில் இருந்தபடியே இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737-ல் ஒரு நூல் வெளியிட்டார். நம் செடியும் அதில் இடம்பெற்றது. பிறகு 1794-ல் மார்ட்டின் வால் என்பவர் பர்மன் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். செடி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது, நூலில் ஏறியது, பெயரும் கிடைத்தது. ஆனால் அது பூச்சி தின்னும் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை! தெரியாததில் வியப்பில்லை. அழுத்திக் காயவைத்த செடியில் பசைத் துளியும் இருக்காது, அசைவும் இருக்காது. உயிருள்ள செடியிலோ, பூச்சி ஒட்டிக்கொண்டால் இலை ஓரத்து உணர்கொம்புகள் சில நொடிகளிலேயே உள்நோக்கி வளைந்துவிடும். டிரோசீராக்களில் இதுவே வேகமான இனங்களில் ஒன்று.

செடி விலங்கைத் தின்னும் என்பதையே அன்றைய அறிஞர்கள் ஏற்கவில்லை. வீனஸ் பூச்சிப்பொறி என்ற அமெரிக்கச் செடி பூச்சியைப் பிடித்து உண்கிறது என்று ஜான் எல்லிஸ் 1769-ல் எழுதியபோது, லின்னேயசே அதை ஒப்புக்கொள்ளவில்லை.

முடிவு கட்டியவர் சார்லஸ் டார்வின். 1860-ல் இங்கிலாந்தில் வளரும் வட்ட இலை டிரோசீராவைக் கவனிக்கத் தொடங்கினார். இறைச்சித் துணுக்கு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் இலையில் வைத்துப் பார்த்தார். இலை அவற்றைச் செரித்தது. 15 வருடம் கழித்து, 1875-ல் நூல் வந்தது. சரி, தின்கிறது, ஆனால் அதனால் செடிக்கு என்ன லாபம்? 1878-ல் அவர் மகன் பிரான்சிஸ் டார்வின் பதில் சொன்னார். இறைச்சி ஊட்டிய செடிகள் அதிக விதை கொடுத்தன.

1737-க்கும் 1875-க்கும் இடையே 138 வருடம். ஒரு செடிக்குப் பெயர் வைத்துவிட்டால் அதைத் தெரிந்துகொண்டோம் என்று அர்த்தமில்லை, நண்பர்களே. ஆம்ஸ்டர்டாம்காரர் பெயரைவிட எனக்கு அழுகண்ணிதான் பிடித்திருக்கிறது. இலை நுனியில் துளி ததும்பி நிற்கும் உயிருள்ள செடியைப் பார்த்தவர்தான் அப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்.

உங்களுக்கு எந்தப் பெயர் பிடித்திருக்கிறது?